வெளியே சர்வீஸ் விட்டால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: புது கார் வாங்கி 16 மாதம் ஆகிறது. டர்போ பெட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர், 3 ஆண்டு வாரண்டி. 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ். முதல் சர்வீஸை 10,000-இல் கம்பெனி சர்வீஸ் சென்டரில் முடித்தேன். இப்போது 19,200 ஓடியிருக்கிறது. எங்கள் பழைய காரைப் பல வருடமாகப் பார்த்துவந்த மெக்கானிக்கிடம் அடுத்த சர்வீஸை விட ஆசை. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "வெளிய கை வெச்சீங்கன்னா வாரண்டி கேன்சல் சார்" என்கிறார்கள். இன்னொரு விஷயம்: 15,000 கிலோமீட்டரில் அந்த மெக்கானிக்கிடம் எஞ்சின் ஆயில் மட்டும் ஒருமுறை மாற்றினேன். பில் வாங்கவில்லை. என் வாரண்டி ஏற்கெனவே போய்விட்டதா?

பதில்: போய்விடவில்லை. உங்கள் அட்டவணை 10,000, 20,000 என்று போகிறது. 10,000 சர்வீஸ் நடந்திருக்கிறது. 20,000 இன்னும் வரவில்லை. ஆக, நீங்கள் தவறவிட்ட சர்வீஸ் என்று ஒன்றுமே இல்லை. 15,000-இல் செய்தது அட்டவணையில் இல்லாத கூடுதல் வேலை. அதில் இருக்கும் சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: இப்போது எஞ்சினுக்குள் ஓடுவது எந்த ஆயில் என்று காட்ட உங்களிடம் காகிதம் இல்லை. அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

"வாரண்டி கேன்சல்" என்று கவுன்டரில் சொல்வது, கேட்பவரைப் பயமுறுத்தும் அளவுக்கு உண்மை கிடையாது. பெரும்பாலும் வாரண்டி ஒரே அடியாகச் செத்துப்போவதில்லை. கிளெய்ம் வரும்போது, உடைந்த பாகத்துக்கும் வெளியே நடந்த வேலைக்கும் தொடர்பு உண்டா என்றுதான் பார்ப்பார்கள். ஜன்னல் மோட்டார் நின்றுபோனால் அதற்கும் ஆயில் மாற்றியதற்கும் சம்பந்தமில்லை. ஏசி கம்ப்ரஸர், ஸ்டியரிங் மோட்டார், டேஷ்போர்டு திரை இவையும் அப்படித்தான். டர்போ போனால், கிராங்க் பேரிங் சத்தம் போட்டால், டைமிங் செயின் தளர்ந்தால் மட்டும் "எந்த ஆயில் ஊற்றினீர்கள், எப்போது, யார்?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு நீங்கள் ஆதாரத்தோடு பதில் சொல்ல முடிகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னஸன்–மாஸ் வாரண்டிச் சட்டப்படி, இலவசமாகத் தராத ஒரு பிராண்டு பாகத்தையோ சர்வீஸையோ வாரண்டிக்கு நிபந்தனையாக வைப்பது பொதுவாகக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002-இல் வந்து 2010-இல் புதுப்பிக்கப்பட்ட மோட்டார் வாகனத் துறைக்கான வணிகப் போட்டி விதிகள் 2028 மே வரை நீட்டிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே வெளி கராஜில் சர்வீஸ் செய்தார் என்பதை மட்டும் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க முடியாது. இந்தியாவில் 2014 ஆகஸ்டில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்த உத்தரவு, வெளியே விட்டதற்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளி வேலையின் குறையால் சேதம் வந்தால் மறுக்கலாம் என்றது. அந்த உத்தரவு மேல்முறையீட்டுக்குப் போனது. சிங்கப்பூரில் 2017-இல் போட்டி ஆணையம் விசாரித்தபின் டீலர்கள் இந்த நிபந்தனையைக் கைவிட்டார்கள்.

உங்கள் ஊர்ச் சட்டம் எதுவானாலும், முதலில் காரோடு வந்த வாரண்டி புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். "அட்டவணைப்படி, குறிப்பிட்ட தரத்து ஆயிலும் பாகமும் கொண்டு பராமரிக்க வேண்டும்" என்று இருந்தால் உங்கள் வழி சுலபம். "அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மட்டுமே" என்று இருந்தால், சட்டம் உங்கள் பக்கம் நின்றாலும், கிளெய்ம் அன்றைக்கு அந்த வரியைத்தான் விரலால் தொட்டுக் காட்டுவார்கள். வழக்குமன்றம்வரை போகத் தெம்பு வேண்டும். அப்படிப்பட்ட வரி இருந்து, அதற்கு எதிராக உங்கள் நாட்டில் தெளிவான சட்டப் பாதுகாப்பும் இல்லை என்றால், வாரண்டி முடியும்வரை கம்பெனி சர்வீஸிலேயே இருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. மிச்சமாகும் பணம், ஒரு டர்போ அல்லது கியர்பாக்ஸ் விலைக்கு முன்னால் நிற்காது.

உங்கள் புத்தகம் அனுமதிக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

புத்தகத்தில் 20,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கான பக்கத்தைப் பிரதி எடுத்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். "நல்லா பாத்து செஞ்சிருங்கண்ணே" என்று சொன்னால் அவர் தன் பழக்கப்படி செய்வார். அட்டவணையைக் கொடுத்தால் அட்டவணைப்படி செய்வார். எந்தெந்த வரியில் "மாற்று" என்று இருக்கிறது, எதில் "பார்" என்று இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், கேபின் ஃபில்டர் மாற்றுவது, ஏர் ஃபில்டரைப் பார்ப்பது, பிரேக் பேட் தடிமன் அளப்பது, டயர் இடம் மாற்றுவது, கூலன்ட் அளவு, அடிப்பக்க ரப்பர் பூட்டுகளும் ஹோஸ்களும் என்று பட்டியல் போகும். "பார்" என்று இருக்கும் வரிகளையும் அவர் டிக் செய்து, அளந்த இடங்களில் அளவை எழுத வேண்டும். "முன் பேட் 8 மில்லிமீட்டர்" என்ற ஒரு சிறு குறிப்பு, பார்த்ததற்கு அத்தாட்சி.

அந்தப் பக்கத்திலேயே பெரும்பாலும் இரண்டாவது அட்டவணை ஒன்று இருக்கும்: கடுமையான பயன்பாட்டுக்கு. தினம் சில கிலோமீட்டர் மட்டும் ஓட்டுவது, நெரிசலில் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது, தூசி, கடும் வெயில், பாரம் இழுப்பது எல்லாம் அதில் சேரும். அதில் ஆயில் இடைவெளி பாதியாகவும் இருக்கலாம். உங்கள் ஓட்டம் அந்த வகை என்றால் நீங்கள் 15,000-இல் மாற்றியது சரியான காரியம். பில் வாங்காததுதான் குறை.

மாதக் கணக்கையும் பாருங்கள். கிலோமீட்டரோ மாதமோ, எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. மாதத்தைச் சில நிறுவனங்கள் கார் விற்ற தேதியிலிருந்தும், சில நிறுவனங்கள் கடைசி சர்வீஸிலிருந்தும் எண்ணுகின்றன. கார் அதிகம் ஓடாத வீடுகளில் வாரண்டி அடிபடுவது இந்த மாதக் கணக்கில்தான். கெடு தாண்டிச் சில நாள் சலுகை உண்டு என்று புத்தகம் எழுத்தில் சொன்னால் மட்டும் அதை நம்புங்கள். அட்வைசர் வாயால் சொன்னதை நம்பி இருக்காதீர்கள்.

இனி ஆயில். உங்கள் காரில் அதிகக் கவனம் வேண்டியது இதற்குத்தான்.

ஆயிலுக்கு இரண்டு அடையாளம். ஒன்று தடிமன்: 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று கேனில் பெரிதாக இருப்பது. இரண்டாவது தரம்: அமெரிக்க அமைப்பான ஏபிஐ தரும் எஸ்பி, ஐரோப்பிய அமைப்பான ஏசிஇஏ தரும் சி5 அல்லது கார் கம்பெனியின் சொந்த அப்ரூவல் எண். பல கராஜ்களில் முதலாவதை மட்டும் பார்த்து ஊற்றிவிடுகிறார்கள். டர்போ பெட்ரோல் எஞ்சினில் இரண்டாவதும் அதே அளவு முக்கியம். காரணம் இது: நேரடியாக எரியறைக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறிய டர்போ எஞ்சின்கள், குறைந்த சுற்றில் அதிகப் பாரம் இழுக்கும்போது, பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஓரிரு முறை பலமாக நடந்தாலே பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துபோகலாம். ஆயிலில் கால்சியம் சார்ந்த சுத்திகரிப்புப் பொருள் அதிகமாக இருந்தால் இந்த ஆபத்து கூடும். இதற்கான சோதனை 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ் தரத்திலும், பிறகு 2020-இல் எஸ்பி தரத்திலும் சேர்க்கப்பட்டது. உங்கள் புத்தகம் எஸ்பி கேட்கிறது என்றால், தடிமன் ஒன்றாக இருந்தாலும் அதற்கு முந்தைய தரமான வெறும் எஸ்என் ஆயில் அதற்கு ஈடாகாது. பேரலிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயிலும், லாரிக்கும் காருக்கும் பொது என்று வைத்திருக்கும் டீசல் ஆயிலும் இந்த எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.

தடிமனையும் இஷ்டத்துக்குக் கூட்ட வேண்டாம். "வெயிலுக்குக் கொஞ்சம் கெட்டியா இருந்தா நல்லது" என்று பழைய அனுபவத்தில் சொல்வார்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. ஆயில் படலத்தின் மேல்தான் அது மிதக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் அங்கே போய்ச் சேரச் சில விநாடி தாமதமானாலும் பேரிங் தேயும். வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. உங்கள் புத்தகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடிமன் அனுமதித்திருந்தால், அந்தப் பட்டியலுக்குள் தேர்ந்தெடுங்கள். அனுமதிக்காததைத் தொடாதீர்கள்.

கேனின் பின்பக்கத்தில் உள்ள வாசகத்தையும் படியுங்கள். "இந்த எண்ணுக்கு அப்ரூவல் பெற்றது" என்பது ஒன்று. "இந்த எண் கேட்கும் கார்களுக்கு ஏற்றது" என்பது வேறு. முதலாவது, கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டது. இரண்டாவது, ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. புத்தகம் அப்ரூவல் கேட்டால் முதலாவதையே வாங்குங்கள். பிராண்டு எதுவானாலும் பரவாயில்லை.

புகையில் வரும் கரித்துகளைப் பிடிக்கும் துகள் ஃபில்டர் உள்ள கார்களில், பெட்ரோலோ டீசலோ, பொதுவாகச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். ஏசிஇஏ சி3 தரத்தில் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் போகாது. ஏ3/பி4 தரத்தில் 1.6 வரை போகலாம். கரி எரிந்துபோகும், ஆயில் சாம்பல் எரியாது, ஃபில்டரில் தங்கிக்கொண்டே போகும். இது உடனே தெரியாது, பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத்தான் அடைப்பு காட்டும். அப்போது ஃபில்டர் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் வாதாடவும் வழி இருக்காது.

ஆயில் ஃபில்டருக்குக் கார் கம்பெனி பெட்டியே வேண்டும் என்பதில்லை. அதற்குச் சமமான தரத்தில், உங்கள் எஞ்சினுக்கு என்று பாக எண் பொருந்தும் ஃபில்டர் போதும். ஆனால் மிக மலிவானவற்றில், எஞ்சின் நின்றபின் ஆயில் கீழே இறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வு சீக்கிரம் விறைத்துப்போகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு விநாடி "கடகட" என்று கேட்டால் இதையும் சந்தேகப்படுங்கள். போலிச் சரக்கும் புழங்குகிறது. என் யோசனை: ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே அங்கீகாரம் பெற்ற ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் பில் போட்டு வாங்கி, மெக்கானிக்கிடம் கொடுங்கள். கையோடு, ஆயில் இறக்கும் டிரெயின் போல்ட்டுக்கு வாஷர் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

அந்த வாஷரைப் பற்றி ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் நசுங்கிச் சீல் ஆகும் வகை, ஒருமுறைதான் நசுங்கும். பழையதையே போட்டால் சொட்டும். சொட்டுகிறதே என்று ஸ்பேனரை நீட்டிப் பிடித்து இன்னும் இறுக்குவார்கள். எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப் பல கார்களில் அலுமினியம், போல்ட் எஃகு. மரை கழன்று கையோடு வரும். அதற்குப் பிறகு சம்ப் மாற்றும் செலவு உங்களுடையது, வாரண்டியுடையது அல்ல. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, புத்தகம் அல்லது பணிமனைக் கையேடு சொல்லும் நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் இந்தக் கதையே இல்லை. உங்கள் மெக்கானிக்கிடம் டார்க் ரெஞ்ச் இருக்கிறதா, அதை டிரெயின் போல்ட்டுக்கும் வீல் நட்டுக்கும் எடுக்கிறாரா என்று பாருங்கள். அவர் உங்கள் டர்போ காருக்குப் பொருத்தமானவரா என்பதை அது ஒன்றே ஓரளவு சொல்லிவிடும்.

ஃபில்டர் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதுண்டு. அதைக் கவனிக்காமல் மேலே புதியதைத் திருகினால் இரட்டை வளையம் ஆகிவிடும். கராஜில் ஒன்றும் தெரியாது. சாலையில் ஆயில் அழுத்தம் ஏறியதும் வளையம் பிதுங்கி, சில நிமிடத்தில் மொத்த ஆயிலும் வெளியே. பழைய ஃபில்டரைத் திருப்பி, வளையம் அதோடு வந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

அளவு: புத்தகத்தில் "ஃபில்டருடன்" என்று போட்டிருக்கும் லிட்டர் கணக்கே உங்களுக்கானது. அதில் அரை லிட்டரைக் குறைத்து ஊற்றி, சமதரையில் நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, புத்தகம் சொல்லும் நேரம் பொறுத்து, கேஜ் குச்சியைப் பார்த்து மிச்சத்தைச் சேர்க்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் அடித்து ஆயில் நுரைக்கும். அந்த ஆவி டர்போ வழியாக உள்ளே போய்க் கடைசியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மட்டும் வாரண்டி முடியும்வரை வெளியே யாரும் திறக்க வேண்டாம். பெல்ட்டில் ஓடும் சிவிடி, இரட்டை கிளட்ச், சாதாரண டார்க் கன்வெர்ட்டர் மூன்றுக்கும் வெவ்வேறு திரவம். "எல்லா கியர்பாக்ஸுக்கும் ஆகும்" என்று எழுதிய கேன் சிவிடியில் போனால் பெல்ட் வழுக்கும். திரவ அளவு பார்ப்பதற்கே குறிப்பிட்ட வெப்பநிலையும் ஸ்கேனரும் வேண்டியிருக்கும். 20,000-இல் இந்த வேலை பெரும்பாலும் வராது. யாராவது பரிந்துரைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எஞ்சின் ஃப்ளஷ், ஆயிலில் கலக்கும் மருந்து, டிகார்பனைசிங் இவற்றையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளியே மட்டுமா, கம்பெனி சர்வீஸிலும் இவற்றைப் பில்லில் சேர்ப்பதுண்டு. அட்டவணையில் இல்லாத எதற்கும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தட்டைக் கையால் தள்ளித் துடைப்பது, எஞ்சின் மேல் பிரஷர் வாட்டர் அடிப்பது, ஹார்ன், லைட் போட வயரை வெட்டி ஒட்டுவது, எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றும் இசியு ரீமேப், வெளியே பொருத்தும் கேஸ் கிட் இவையெல்லாம் வாரண்டியை நிஜமாகவே கெடுக்கும் வேலைகள். ஆயில் மாற்றியதால் மறுக்கப்படுவதைவிட, வெட்டிய வயரால் மறுக்கப்படும் கிளெய்முக்கு எதிராக வாதாடுவது மிகக் கடினம்.

பிரேக் ஆயில் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் கார்கள் அதிகம். உங்களுக்கு 24-ஆம் மாதம் அது வரலாம். பிரேக் ஆயிலின் தரத்தை டாட் எண்ணால் குறிப்பார்கள்; டாட் 4 கேட்டால் டாட் 4. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். திறந்து பல மாதம் ஆன டப்பாவிலிருந்து ஊற்றினால் மாற்றியும் பயனில்லை. சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கவே கூடாது.

பில்லுக்கு வருகிறேன். "ஜெனரல் சர்வீஸ் — 1, ஆயில் — 1, ஃபில்டர் — 1" என்று எழுதிய பில் கிளெய்ம் அன்றைக்கு வெறும் காகிதம். பில்லில் இருக்க வேண்டியவை: கராஜ் பெயர், முகவரி, பதிவெண் முத்திரை, தேதி, காரின் பதிவு எண்ணும் 17 எழுத்து-எண் கொண்ட சேசிஸ் நம்பரும், மீட்டர் கிலோமீட்டர், ஆயிலின் பிராண்டு, தடிமன், தரம், அப்ரூவல் எண், எத்தனை லிட்டர், ஃபில்டரின் பாக எண், "தயாரிப்பாளரின் 20,000 கிலோமீட்டர் அட்டவணைப்படி" என்ற வரி, டிக் செய்த பட்டியல் இணைப்பாக. எஞ்சினுக்கு 3.6 லிட்டர் வேண்டும், பில்லில் 3 லிட்டர் என்று இருந்தால், அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டே ஒரு கிளெய்மை நிராகரிக்கலாம். 3.6 ஊற்றினால் 3.6 என்று எழுதச் சொல்லுங்கள். வாங்கிய கேன்களின் பில்லும் அதைத் தாங்கும் அளவில் இருக்கட்டும்.

போனில் சில படம்: மீட்டர், கேனின் முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் எண், புது ஃபில்டரின் பாக எண், கழற்றிய பழைய ஃபில்டர், ஊற்றியபின் கேஜ் குச்சி. எல்லாம் ஒரே நாள் தேதியோடு இருக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் தரும் பில் பெரும்பாலும் தெர்மல் காகிதம். கார் டேஷ்போர்டு பெட்டியின் சூட்டில் ஒரு கோடைக்குள் எழுத்து மறைந்து கறுத்துவிடும். அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். சர்வீஸ் புத்தகம் இருந்தால் அதிலும் முத்திரை. ஆன்லைனில் மட்டும் பதிவு வைக்கும் கார் என்றால், உங்கள் நாட்டில் வெளி கராஜுக்கு அந்தப் பதிவில் நுழைய வழி உண்டா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஃபைல்தான் உங்கள் பதிவு.

இப்போது 15,000 விஷயம். மெக்கானிக்கிடம் போய், அன்று ஊற்றியது என்ன ஆயில், எத்தனை லிட்டர், ஃபில்டர் மாற்றினாரா என்று கேளுங்கள். அவர் நோட்டில் இருந்தால் நகல் பில் வாங்குங்கள். இல்லை என்றால், இன்றைய தேதி போட்டு, "இன்ன மாதம், இன்ன கிலோமீட்டரில், இன்ன ஆயில் மாற்றினேன்" என்று கையெழுத்திட்டுத் தரட்டும். நீங்கள் பணம் அனுப்பிய வங்கிப் பதிவு இருந்தால் அதோடு சேருங்கள். பழைய தேதி போட்ட பில் மட்டும் வேண்டவே வேண்டாம். பேட்ச் எண்ணோ பில் வரிசை எண்ணோ அதைக் காட்டிக்கொடுத்தால், உங்கள் உண்மையான பில்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து, 20,000 வரை காத்திராமல் இப்போதே சர்வீஸை முடியுங்கள். சற்று முன்னதாகச் செய்வதில் குற்றமில்லை. பழைய ஆயிலை இறக்கும்போது, எஞ்சின் சூடாக இருக்கும் நிலையில், முதலில் வருவதைப் போகவிட்டு, நடுவில் ஓடும் ஆயிலிலிருந்து 100 மில்லிக்குக் கொஞ்சம் மேல் ஒரு சுத்தமான, ஈரமில்லாத பாட்டிலில் பிடியுங்கள். மூடி, தேதி, கிலோமீட்டர், சேசிஸ் நம்பர் எழுதி ஒட்டி வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் ஆயில் பரிசோதனைக் கூடத்தில் அது பேசும். 100 டிகிரியில் தடிமன், சென்டிஸ்டோக் அளவில், 6.9-லிருந்து 9.3-க்குள் வந்தால் 20 வகை, 9.3-லிருந்து 12.5-க்குள் என்றால் 30 வகை. பெட்ரோல் கலந்தால் எண் கொஞ்சம் இறங்கும் என்பதையும் கூடத்தில் கணக்கில் எடுப்பார்கள். இரும்பு, அலுமினியம், தூசியைக் காட்டும் சிலிக்கான், கலந்திருக்கும் பெட்ரோல் எல்லாம் அளந்து சொல்வார்கள். பழைய ஃபில்டரின் காகித மடிப்பைப் பிரித்து வெயிலில் காட்டிப் பாருங்கள். கறுப்பு மட்டும் இருந்தால் சரி. பொன் போலவோ வெள்ளி போலவோ மினுக்கினால், அங்கேயே நிறுத்தி, படம் எடுத்து, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

சில வேலைகளுக்கு அவர்களிடம்தான் போக வேண்டும். தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே காரைத் திரும்ப அழைக்கும் ரீகால் வந்தால் அது இலவசம். எங்கே சர்வீஸ் செய்தீர்கள் என்பதைப் பார்த்துச் செய்வது அல்ல. எஞ்சின், கியர்பாக்ஸ் மென்பொருள் அப்டேட்டும் அங்கேதான். வாரண்டிக்குள் வரும் பழுது நீக்கும் வேலையை வேறு எங்கும் செய்யக் கூடாது. செய்தால் அந்தச் செலவை நீங்கள்தான் ஏற்க வேண்டிவரும். துருவுக்குத் தனி வாரண்டி இருந்தால், ஆண்டுக்கொருமுறை பாடியைக் காட்டி முத்திரை வாங்கச் சொல்லும் நிபந்தனை இருக்கிறதா பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சேசிஸ் நம்பரைக் கொடுத்து ரீகால், அப்டேட் நிலுவை உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது.

பழுது வந்தால் எப்படி நடந்துகொள்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் விளக்கு எரிந்தால், மெக்கானிக் ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டைப் படிக்கலாம், அழிக்கக் கூடாது. குறியீட்டோடு சேர்த்து அந்த நொடியின் வேகம், சுற்று, வெப்பம் எல்லாம் பதிவாகியிருக்கும். அழித்தால் உங்கள் சாட்சியை நீங்களே அழித்ததாகும். ஆயில் அழுத்த விளக்கு சிவப்பாக எரிந்தால் உடனே ஓரங்கட்டி அணைத்து, டோ வண்டி கூப்பிடுங்கள். "கிட்டத்தான், ஓட்டிப் போயிரலாம்" என்று ஓட்டியதால் வந்த சேதத்தை எந்த வாரண்டியும் ஏற்காது. வெளியே யாரும் திறக்க வேண்டாம்.

சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டில் குறையை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். வெளியே சர்வீஸ் செய்ததை மறைக்காதீர்கள். ஃபைலின் நகலைக் கொடுங்கள், அசலை அல்ல. எஞ்சினையோ கியர்பாக்ஸையோ பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்பார்கள். கிளெய்ம் மறுக்கப்பட்டால் பிரித்த கூலி யாருடையது என்று எழுதி வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள். இதைக் கேட்காமல் விட்டு, பிரித்துப் போட்ட எஞ்சினைத் திரும்ப எடுக்கவும் முடியாமல் தவிப்பவர்கள் உண்டு.

மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பாகம் பழுது, எதனால், வாரண்டியின் எந்த விதிப்படி மறுப்பு, வெளியே செய்த எந்த வேலை அதற்குக் காரணம், அதைக் காட்டும் அளவீடு அல்லது படம் எங்கே. "வெளியே சர்வீஸ் செய்திருக்கிறீர்கள்" என்பது இதில் எந்தக் கேள்விக்கும் பதில் ஆகாது. அந்தக் கடிதத்தோடு கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். டீலர் மறுத்ததை கம்பெனி ஏற்பதுண்டு. அங்கும் மறுத்தால் சுயேச்சையான ஆய்வாளர் அறிக்கை, பிறகு நுகர்வோர் மன்றம். முடியும்வரை பழைய பாகங்களை ஸ்கிராப்புக்குப் போட விடாதீர்கள்.

மெக்கானிக்கின் தவறால் சேதம் வந்தால், அது அவர் பொறுப்பு. வாரண்டி அதற்கு வராது. பழகியவர் என்பதால் கேட்கக் கூசும். ஆனாலும், "ஏதாவது ஆயிட்டா எப்படிண்ணே?" என்று வேலைக்கு முன்பே பேசி, பில்லில் வேலை உத்தரவாதக் காலத்தை எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 3 ஆண்டு முடிந்தபின் நீட்டித்த வாரண்டி வாங்கும் எண்ணம் உண்டா? அது தனி ஒப்பந்தம். கம்பெனி சர்வீஸ் மட்டுமே என்ற நிபந்தனை அதில் அதிகம் இருக்கும், முந்தைய சர்வீஸ் வரலாற்றையும் கேட்கலாம். வாரண்டி முடிந்து சில மாதத்தில் பெரிய பாகம் போனால், கார் கம்பெனி நல்லெண்ண அடிப்படையில் ஒரு பகுதிச் செலவை ஏற்பதும் உண்டு. அது உங்கள் உரிமை அல்ல, அவர்கள் விருப்பம். அதை முடிவு செய்யும்போது, எல்லா சர்வீஸும் தங்களிடம் நடந்ததா என்று பார்ப்பார்கள். டர்போ, ஆட்டோமேட்டிக் இரண்டும் உள்ள காரை 6, 7 ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், நீட்டித்த வாரண்டி, நல்லெண்ண உதவி இரண்டையும் விட்டுக்கொடுக்க நான் சொல்ல மாட்டேன். கம்பெனி சர்வீஸில், அட்டவணையில் உள்ளதை மட்டும் செய்யச் சொல்லி, ஃப்ளஷ் வகையறாவை நீக்கினாலே பில் கணிசமாக இறங்கும். வாரண்டி முடிவதற்குள் விற்பதாகவோ, நீட்டிப்பு வாங்காமல் இருப்பதாகவோ முடிவு செய்திருந்தால், மேலே சொன்னபடி உங்கள் மெக்கானிக்கிடமே தைரியமாக விடலாம்.

எப்படியானாலும் 800 கிலோமீட்டர்தான் மிச்சம். இந்த வாரமே புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, ஆயில் தரத்தைக் குறித்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டருக்குப் போங்கள். ஆயில் பிடிக்கப் பாட்டில் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.